"எந்தக் கம்புண்ணே?"

போன வாரம் மதுரை அனுப்பானடிப் பக்கம் ஒரு வீட்டைப் படமெடுக்கப் போயிருந்தேன். பக்கத்து மொட்டைமாடியில் 20 வயதிருக்கும் ஒரு பையன், சுற்றிலும் இருப்பதை எல்லாம் ஒரே படமாகப் பிடிக்கும் 360 கேமராவை 3 மீட்டர் கம்பின் நுனியில் மாட்டி, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போகிறான். கண் முழுக்கச் செல்போன் திரையில். திரையில் வானம் இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, தூரத்தில் ஆனைமலைகூட இருக்கிறது. கம்பு மட்டும் இல்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போகும் மின்கம்பிக்கும் அந்த நுனிக்கும் ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

"தம்பி, கம்பை இறக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில், எதிர்மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். அவன் நிதானமாகத் திரும்பிக் கேட்டான்: "எந்தக் கம்புண்ணே?"

இந்த வருடத்தில் இப்படிப் பார்ப்பது இது மூன்றாவது தடவை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்ல கம்புகள் பெரும்பாலும் கார்பன் ஃபைபரில் வருகின்றன. எடை குறைவு, வளையாது, நாங்களும் அதைத்தான் வாங்குகிறோம். ஆனால் அதைப் பிளாஸ்டிக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கார்பன் ஃபைபரில் மின்சாரம் பாயும். அலுமினியக் கம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்கம்பியும் திரையில் தெரியத்தானே செய்கிறது என்பீர்கள். தெரியும். ஆனால் அவ்வளவு அகன்ற லென்ஸில், ஒரு முழத்தில் இருப்பதும் பத்தடி தள்ளி இருப்பது போலத்தான் தெரியும்.

சரி, கம்பு எங்கே போகிறது? இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. "சாஃப்ட்வேர் அழிச்சிடும்" என்பார்கள். இப்போது "ஏஐ அழிச்சிடும்" என்கிறார்கள். கடையில் வேறு 'இன்விசிபிள் ஸ்டிக்' என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அந்தக் கம்பில் ஒரு மாயமும் கிடையாது. என் வீட்டு ஒட்டடைக் கம்பின் நுனியில் கேமராவைக் கட்டி எடுத்துக் காட்டியிருக்கிறேன். அதுவும் மறைந்தது.

ஒரு கல்யாண மண்டபத்து முதலாளி, படத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்டை அழிச்ச மாதிரி வாசல்ல இருக்க டிரான்ஸ்பார்மரையும் அழிச்சுக் குடுங்க, அதுக்கு எதுக்குத் தனிக் காசு?" என்றார். அவருக்காக ஒரு வேலை செய்தேன். பந்தல் போட வந்த இரண்டு பையன்களை முதுகோடு முதுகு ஒட்டி நிற்கச் சொல்லி, நடுவில் ஒரு விளக்குமாற்றைச் செருகினேன். கழுத்தைத் திருப்பாமல் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள் என்றேன். ஒருவன் மேடையைச் சொன்னான், இன்னொருவன் வாசலைச் சொன்னான். பக்கவாட்டுத் தூண் இருவருக்குமே தெரிந்தது. விளக்குமாறு யார் கண்ணிலும் படவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம்மூரில் சொல்வார்களே, 360 கேமராவின் சூட்சுமம் முழுக்க அதுதான்.

கேமராவின் முன்னால் மிக அகலமாகப் பார்க்கும் ஒரு மீன்கண் லென்ஸ், பின்னால் ஒன்று. இந்த லென்ஸ் தன் முன்பக்கத்துப் பாதி உலகைப் பார்க்கிறது, அந்த லென்ஸ் மற்றப் பாதியை. இரண்டுக்கும் நடுவே கேமராவின் கனம் எவ்வளவோ அவ்வளவு கனத்தில், ஒரு பலகையைச் செங்குத்தாக நிறுத்தியது போல ஓர் இடம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிறது. கேமராவைவிட ஒல்லியான கம்பு, நேர் கீழே, அந்தப் பலகைக்குள்ளேயே அடங்கி நின்றால் படத்தில் வராது. அழிக்க வேண்டிய அவசியமே இல்லை, அது படத்துக்குள் வரவே இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் உடனே மடக்குவார்கள்: லென்ஸ் 180 பாகைக்கு மேல், 200 வரைகூடப் பார்க்குமே, கம்பு ஓரத்தில் பட்டிருக்குமே என்று. படும். இரண்டு துண்டுத் துணியைச் சேர்க்கும்போது தையற்காரர் ஓரத்தில் கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைப்பார் இல்லையா? அந்த ஓரம் வெளியே தெரியாது. அப்படித்தான் கூடுதலாகப் பார்த்த ஓரத்தை வைத்து இரண்டு படத்தையும் பொருத்திவிட்டு, மிச்சத்தை மென்பொருள் உள்ளே தள்ளிவிடுகிறது. கம்பைத் தேடிப் பிடித்து அழிப்பதில்லை. நம்பாவிட்டால், கம்பை ஏதாவது ஒரு லென்ஸ் பக்கமாகச் சாய்த்து மாட்டிப் பாருங்கள். தென்னைமரம் மாதிரி முழுசாய்த் தெரியும். ஏஐ வைத்து அழிக்க இப்போது வழி இல்லாமல் இல்லை. அது வேறு வேலை, அதற்கு வேறு கூலி.

செவ்வாய்க்கிரகப் படம் ஒன்று வாட்ஸப்பில் அடிக்கடி வரும். கியூரியாசிட்டி ஊர்தி தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம். "கேமரா பிடித்த கை எங்கே? அப்போ வேறு யாரோ எடுத்திருக்காங்க" என்று கீழே எழுதியிருக்கும். 2012 அக்டோபர் 31 அன்று கையின் நுனியில் இருக்கும் கேமராவால் 55 படங்கள் எடுத்துச் சேர்த்தது அது. சேர்த்த ஒவ்வொரு துண்டிலும் கை படத்துக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். தொழில் எல்லாக் கிரகத்திலும் ஒன்றுதான்.

கம்பை விழுங்குகிற இடம் கம்பை மட்டும் விழுங்காது. ஒரு வளைகாப்பில் கேமராவை ஒட்டிப் பக்கவாட்டில் நின்ற அத்தையின் வளையல் தட்டில் ஒரு பாதியைக் காணோம், காதில் ஒரு துண்டும் போயிருந்தது. அவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. முகங்கள் லென்ஸுக்கு நேராக இருக்கட்டும், பக்கவாட்டில் யாரும் ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டாம் என்று சொன்னால் தயவுசெய்து கேளுங்கள்.

அடுத்தது காலடி. முக்காலி வைத்தால் அதன் கால்கள் பலகையைத் தாண்டி விரிந்து நிற்கும், படத்தில் விழும். அதை மறைக்கத்தான் நடுத்தரையில் வட்டமாக ஒரு லோகோவை ஒட்டுகிறோம். பெரிய கேமராவில் எடுப்பவர்கள் முக்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, கேமராவைக் கையில் பிடித்து அதே தரையைத் தனியாக எடுத்து ஒட்டுவார்கள். அதற்கு நேரம் பிடிக்கும், அந்தக் காசைத் தர யாருக்கும் மனசு வராது, எனவே லோகோ. தப்பில்லை. ஆனால் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு இந்தப் படத்தை மட்டும் பார்த்து இங்கே வீட்டுக்கு முன்பணம் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோச்சடையில் ஒரு வீடு. வேறு யாரோ எடுத்த படம், ஹாலில் லோகோ மட்டும் அண்டா மூடி அளவுக்கு இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் அந்த வட்டத்துக்குக் கீழே நாலு டைல்ஸ் உப்பிக்கொண்டு நிற்கிறது. வேண்டுமென்றே மறைத்தார்களா என்று நான் சொல்ல முடியாது. ஒல்லியான ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்கு அவ்வளவு பெரிய வட்டம் தேவைப்படாது என்று மட்டும் சொல்ல முடியும். வட்டம் பெரிதாக இருந்தால், படத்துக்குள்ளேயே அடுத்த புள்ளிக்கு, அதாவது கேமரா வைத்து எடுத்த அடுத்த இடத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து திரும்பி இதே இடத்தைப் பாருங்கள். அடுத்த புள்ளியே கொடுக்கவில்லை என்றால் தரையைத் தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், உங்கள் பணம்.

மறுபடியும் கம்புக்கு வருகிறேன். தூக்குவதற்கு முன் திரையைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி இருக்கும் மாடியில் கம்பை நீட்டவே நீட்டாதீர்கள், "கொஞ்சம்தான் நீட்டினேன்" என்ற கதை வேண்டாம். மாசி வீதிகளில் தேர் வரும்போது மின்சாரத்தை நிறுத்துவார்கள், உங்கள் கம்புக்காக யாரும் நிறுத்தப் போவதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் 3 மீட்டர் கம்பைத் தூக்கினால் அது யார் தலையில் இறங்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சமணர் மலை மாதிரிக் காற்றடிக்கும் பாறையில் கம்பை நட்டுவிட்டுத் தள்ளிப் போகாதீர்கள், ஒரு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டு வைக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும் இடத்தில் "படத்தில்தான் தெரியாதே சார்" என்று காவலாளியிடம் வாதாடாதீர்கள். அவர் படத்தைக் காவல் காக்கவில்லை.

மண்டபத்து முதலாளி நேற்றுப் போன் செய்தார். காலை வெயிலில் வாசலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.

"தம்பி, தரையில நீளமா ஒரு நிழல் விழுதே, அது எது?"

"ஸ்டாண்டோட நிழல்ண்ணே."

"அதைத்தான் அன்னைக்கே அழிச்சிட்டியேப்பா?"