நடைபாதையைக் கெடுப்பது கேட் வாசல்தான்

பிளாட்பாரம் இருந்தும் ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்களா? அப்படியானால் முதலில் டேப்பை எடுத்து அதன் உயரத்தை அளக்க வேண்டும். சென்னையில் பல தெருக்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடியே நடைபாதை. வடிகால் சுவர் எவ்வளவு எழும்புகிறதோ, நடைபாதையும் அவ்வளவு உயரம். ஒன்றரை அடிகூட வந்துவிடும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 103-ஆம் எண் வழிகாட்டி அனுமதிப்பது 150 மி.மீ., அதாவது அரை அடி. வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி. முழங்கால் வலியோடு நடப்பவருக்கு அதற்கு மேல் முடியாது.

உயரத்தைவிடப் பெரிய கோளாறு கேட் வாசலில் இருக்கிறது. கார் உள்ளே போவதற்காக வீட்டுக்கு வீடு நடைபாதையை வெட்டிச் சரித்துவிடுகிறார்கள். 40 அடி மனைகள் உள்ள தெருவில் 100 மீட்டருக்கு எட்டு வாசல் வரும். ஒன்றரை அடி பிளாட்பாரத்தில் எட்டு முறை ஏறி இறங்கினால் மொத்தம் 12 அடி: ஒரு மாடி ஏறி இறங்கிய கணக்கு. அதைக் கடைத்தெருவுக்குப் போய்வரும் ஒரு பாட்டியிடம் கேட்கிறோம். அவர் ரோட்டிலேயே நடப்பதில் என்ன தப்பு?

தீர்வு எளிது. நடப்பவர் பாதை மட்டமாகவே போகட்டும், கார் ஏறி இறங்கட்டும். இதற்கு நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். சுவரை ஒட்டி அரை மீட்டர், கடையின் படிக்கட்டுக்கும் பொருள் பார்ப்பவருக்கும். நடுவில் நடக்கும் பட்டை: குடியிருப்பில் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போக 1.8 வேண்டும். ரோட்டோரம் ஒரு மீட்டர் பட்டையில் மரம், விளக்குக் கம்பம், மின்சார பில்லர் பாக்ஸ் (தெருவோர மின் விநியோகப் பெட்டி). கார் ஏறும் சரிவும் இந்த ஓரப் பட்டைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். 150 மி.மீ. உயரத்தைக் கார் 90 செ.மீ. நீளத்தில் ஏறிவிடும், சரிவு கடுமையாக இருப்பதால் வேகமும் தானாகக் குறையும். சக்கர நாற்காலி இறங்கும் இடத்தில் இந்தச் சரிவு ஆகாது. அங்கே 1:12, அதாவது 1.8 மீட்டர் நீளம்.

அகலத்தைச் சுவரிலிருந்து ஓரக்கல் வரை அளந்து கணக்குக் காட்டுவது வழக்கமான ஏமாற்று. கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே மிச்சம் எவ்வளவு என்பதுதான் அகலம். 2 மீட்டர் நடைபாதையின் மத்தியில் ஒரு பில்லர் பாக்ஸ் நின்றால் அந்தத் தெருவுக்கே நடைபாதை இல்லை என்று பொருள்.

சரியாகக் கட்டிய நடைபாதையும் நாளடைவில் கெடும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒவ்வொரு முறையும் 4 செ.மீ. போட்டால், மூன்றாவது முறையில் 15 செ.மீ. ஓரக்கல் 3 செ.மீ. ஆகிவிடும். பிறகு வாகனங்கள் தயங்காமல் ஏறி நிற்கும். மழைத் தண்ணீரும் வீட்டுக்குள் வரும்.

ரோட்டைக் கடக்கும் இடத்துக்கும் இதே விதி. நடைபாதையின் மட்டத்திலேயே ரோட்டை உயர்த்தி, மேலே தட்டையாக விட்டால் நடப்பவர் இறங்க வேண்டியதில்லை, வண்டிதான் வேகத்தைக் குறைத்து ஏறும். காரணம் பௌதிகம். 50 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 14 மீட்டர் ஓடும். 13 மீட்டர் முன்னால் குழந்தை இறங்கினால், ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஆகும் அந்த ஒரு நொடிக்குள் வண்டி மோதிவிடும். 30 கி.மீ. வேகத்தில் அதே ஓட்டுநர், காய்ந்த ரோட்டில், அதே 13 மீட்டருக்குள் ஏறக்குறைய நிறுத்திவிடுவார்.

பிளாட்பாரத்தில் கார் ஏறாமலிருக்க நடும் குட்டைத் தூண்களுக்கு நடுவே 90 செ.மீ. இடைவெளியாவது வேண்டும், சக்கர நாற்காலி நுழைவதற்கு. அதே இடைவெளியில் பைக்கும் நுழையும். தூணை நெருக்கி அதைத் தடுக்க நினைத்தால் முதலில் வெளியே நிற்பது சக்கர நாற்காலிக்காரர்; பைக்கைத் தடுப்பது போலீஸ் வேலை, கொத்தனார் வேலை அல்ல.