‘செக்’ சொல்ல முடியாதவர்கள்

கடன், உறக்கமின்மை, குடும்பப் பிணக்கு என்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்து என்னிடம் ஆற்றுப்படுத்தலுக்கு வரும் இளைஞர்களில், கைத்தொலைபேசியில் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடிப் பணம் இழந்தவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். போனது சிறுபோக நெல் விற்ற காசாக இருக்கலாம், மனைவியின் பெயரில் எடுத்த நுண்கடனாக இருக்கலாம், அடகு வைத்த தாலிக்கொடியாக இருக்கலாம். அவர்கள் தரும் விளக்கம் மட்டும் மாறுவதில்லை. “சேர், ஆட்டம் எனக்கு நல்லாத் தெரியும். ஃபிளொப்பில பெட் பண்ண வேண்டிய இடத்தில செக் பண்ணிப்போட்டன், அதுதான் பிழைச்சது.” இந்த வாரமும் ஒரு தம்பி அதையே சொல்லக் கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் கையில் 2 சீட்டு வந்தபின் மேசையில் முதலில் விரிக்கப்படும் 3 சீட்டுகளே ஃபிளொப். பணம் கட்டாமலும் ஆட்டத்தை விட்டு ஒதுங்காமலும் முறையை அடுத்தவருக்கு விடுவதே செக். இதற்கு மேல் ஆட்டமுறையை விளக்கப்போவதில்லை. தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளவும் தேவையில்லை.

எனக்கு மிகவும் சினமூட்டுவது, ‘ஃபிளொப்பில் பந்தயம் கட்டுகிறவன்தான் வெல்வான், செக் சொல்பவன் கோழை’ என்ற நம்பிக்கை. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இவ்வளவு கெடுதல் செய்கிறது. சோடி இல்லாத இரண்டு சீட்டுடன் வருபவருக்கு ஃபிளொப்பில் ஒரு சோடியாவது அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 32 சதவீதம் மட்டுமே. ஆகவே எதிரில் ஒருவர் மட்டும் இருந்து, மேசையில் கிங், 7, 2 என ஒன்றோடொன்று சேராத சீட்டுகள் வெவ்வேறு இனங்களில் விழுந்தால், முன்பே தொகையை உயர்த்தி வந்தவர் சிறிய பந்தயம் கட்டுவதில் நியாயம் உண்டு. நடுவில் 1000 ரூபாய் இருக்க 500 ரூபாய் கட்டினால், மூன்றில் ஒரு தடவை எதிராளி ஒதுங்கினாலே நட்டம் வராது. எதிரில் மூவர் இருந்தாலோ, மூவருக்குமே எதுவும் அமையாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 31 சதவீதமாகச் சுருங்குகிறது, அதாவது தேவையான மூன்றில் ஒன்றைவிடக் குறைகிறது. அதுவும் எவர் கையிலும் ஏற்கெனவே சோடி இல்லை, வரப்போகும் சீட்டை நம்பி எவரும் காத்திருக்கவில்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு. மேசையில் 8, 9, 10 கிடந்து, அவற்றில் இரண்டு ஒரே இனமாகவும் இருந்தால், அந்த இனத்தில் நான்கு சேர்த்துவிட்டவருக்கு, மேசையில் இன்னும் விரிக்கவுள்ள இரண்டு சீட்டுக்குள் ஐந்தாவதும் கிடைத்துப் பலமான கை அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 35 சதவீதம். அவர் ஏன் பயந்து ஒதுங்க வேண்டும்? அந்த மேசையில் வெறும் ஏஸும் கிங்கும் வைத்திருப்பவர் செக் சொல்வது கோழைத்தனம் அல்ல, தன் காசைக் காப்பது. செத்தவீட்டில் 304 சீட்டாட்டம் ஆடித் துரும்பைக் கணித்துப் பழகிய கெட்டித்தனம் இங்கே பெரிதாக உதவாது.

இந்தக் கணக்கு என்னிடம் வருபவர்களுக்குத் தெரியாதது அல்ல. சிலர் எனக்கே சொல்லித்தந்திருக்கிறார்கள். அவர்களால் அதன்படி நடக்க முடிவதில்லை என்பதே நான் சொல்ல வருவது. நாளை கடன் தவணை கட்டவேண்டியவருக்குச் செக் சொல்லிக் காத்திருப்பது தாங்கமுடியாததாகிவிடுகிறது. கட்டும் தொகையை மேசையிலுள்ள சீட்டு தீர்மானிக்காமல், ஏற்கெனவே இழந்த தொகை தீர்மானிக்கிறது. ஒருவர் பிசகாமல் ஆடினாலும் நல்ல முடிவுகளின் பலன் ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகே தெளிவாகும். நடத்துபவர் நடுப்பணத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பதால், ஆடுவோர் எல்லோரும் சேர்ந்து போட்டதைவிட அவர்களுக்குத் திரும்புவது குறைவாகவே இருக்கும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 வகைப்பாடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. இழந்ததை மீட்க மறுநாள் திரும்பி வருவதை அதன் அறிகுறிகளில் ஒன்றாகவும் குறிப்பிடுகிறது.

தம்பிமாரே, விட்டதைப் பிடிக்கும் உத்தியைத் தேடி இரவிரவாகக் காணொளி பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். செயலியை அழித்தால் மட்டும் போதாது. அதில் பதிந்த வங்கி அட்டை விவரத்தை நீக்கி, கணக்கை மூடச் சொல்லி, அட்டையை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படையுங்கள். மறைத்த கடனையும் சேர்த்து முழுத்தொகையை வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள்; பாதியைச் சொன்னால், மீதியை அடைக்க மீண்டும் மேசைக்குத்தான் போவீர்கள்.

அம்மாமாரிடமும் மனைவிமாரிடமும் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். “இதுதான் கடைசி” என்று கேட்கும்போது நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்; கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கடன்காரரிடம் நேரே கட்டுங்கள். ஊரறியத் திட்டி அவமானப்படுத்தாதீர்கள். செத்துப்போகிறேன் என்று அவர் சொன்னால் வெறும் மிரட்டல் என்று தள்ளிவிடாமல், தனியே விடாமல், உடனே மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 24 மணிநேர உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள்.