ஹேண்டிகேப் என்றால் ஊனம் அல்ல

"மாமா, இதைப் பாருங்கள்" என்று என் மைத்துனர் கைபேசியை நீட்டினார். இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் இருட்டு விலகுவதற்குள் எழுந்து கோல்ஃப் ஆடப் போகிறவர். ஒவ்வோர் ஆட்டத்தின் அடிக்கணக்கையும் ஒரு செயலியில் பதிந்து வருகிறார். அன்றுதான் அதன் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தார். திரையின் நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது: "உங்கள் ஊனம்: 22.6". அதற்குக் கீழே: "வாழ்த்துகள்! இந்த மாதம் உங்கள் ஊனம் 1.3 குறைந்துள்ளது."

அதை அவர் உரக்கப் படித்துவிட்டார். கூடத்தில் சாய்வு நாற்காலியில் அவருடைய சித்தப்பா உட்கார்ந்திருந்தார். சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கி இடது கால் சூம்பியவர். நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார், மறுபடி நாளிதழுக்குள் போய்விட்டார். மைத்துனர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

திறன் கூடியவரும் குறைந்தவரும் சமமாக மோதுவதற்காக ஆட்டக்காரருக்குத் தரும் எண்ணை ஆங்கிலத்தில் ஹேண்டிகேப் என்பார்கள். அதைத்தான் செயலி 'ஊனம்' என்று பெயர்த்திருந்தது. இந்தத் தவறு எனக்குப் புதிதல்ல. விளையாட்டுச் செய்திகளில் 'குறைபாடு' என்று படித்திருக்கிறேன், 'பின்னடைவு எண்' என்றும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொறுத்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு. ஊனமுற்றோர் என்ற சொல் மனத்தைப் புண்படுத்துகிறது என்று தமிழக அரசே அதைக் கைவிட்டு, மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அப்படி விலக்கிய சொல்லை எடுத்துவந்து, உடம்புக்குச் சிறிதும் தொடர்பில்லாத ஒரு விளையாட்டுக் கணக்குக்குப் பெயராக வைப்பது எந்த வகை மொழிபெயர்ப்பு?

முதலில் சொல்லின் பிறப்பு. ஹேண்டிகேப் என்பது 'ஹேண்ட் இன் கேப்', அதாவது 'தொப்பிக்குள் கை' என்ற ஆங்கிலத் தொடரிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பண்டமாற்றையே ஒரு விளையாட்டாக ஆடினார்கள். இருவர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்புவார்கள். எது மட்டமோ அதன் சொந்தக்காரர் மேல்கொண்டு எவ்வளவு பணம் தர வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். பிணைக்காசு ஒரு தொப்பியில் கிடக்கும். இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்து, சம்மதமா இல்லையா என்பதைக் கையாலேயே காட்டுவார்கள். லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் 1660இல் இதை ஆடியதாகக் குறித்திருக்கிறார். பொள்ளாச்சிச் சந்தையிலோ மணப்பாறைச் சந்தையிலோ மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்க வேண்டியதே இல்லை. தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டவர்களிடமிருந்து இச்சொல் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய்.

18ஆம் நூற்றாண்டில் சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் முதுகில் நடுவர் கூடுதல் எடை ஏற்றி, எல்லாக் குதிரைகளுக்கும் ஏறக்குறைய ஒத்த வாய்ப்பை உண்டாக்கினார். அங்கிருந்து அது மற்ற விளையாட்டுகளுக்கும், 19ஆம் நூற்றாண்டில் கோல்ஃபுக்கும் பரவியது. உடற்குறை என்ற பொருள் ஏறியது அதற்கெல்லாம் பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நம் வழக்கில் பாட்டன் பெயரைத்தான் பேரன் தாங்குவான். அதனால்தான் அவன் பெயரன். இங்கே பேரனின் பெயரைப் பாட்டன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கோல்ஃபில் இது என்ன செய்கிறது? அங்கே பந்தைக் குழிகளில் விழவைக்க மட்டையால் எத்தனை முறை அடித்தோம் என்பதுதான் கணக்கு, குறைவாக அடித்தவர் வெல்வார். தேர்ந்தவர் 72 அடியில் முடிக்கும் திடலை என் மைத்துனர் 95 அடியில் முடிக்கிறார். இருவரும் சேர்ந்து ஆடினால் முடிவு ஆடும் முன்பே தெரிந்துவிடும். எனவே மைத்துனருக்கு இத்தனை அடிகள் என்று முன்கூட்டியே ஒதுக்கி, அவருடைய மொத்தத்திலிருந்து கழிப்பார்கள். மிஞ்சுவதை ஒப்பிட்டால் அன்று யார் தன் தரத்துக்கு மேல் ஆடினார் என்பது தெரியும். 1687இல் எடின்பரோவில் மருத்துவம் படித்த தாமஸ் கின்கெய்டு, ஆட்டம் சமமாக அமைய எதிராளிக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று தன் நாட்குறிப்பில் யோசித்திருக்கிறார். பெயர் வரும் முன்பே தேவை இருந்தது. 1893இல் பிரிட்டனில் பெண்கள் கோல்ஃப் ஒன்றியம் தொடங்கியபோது, அதன் செயலாளர் இசெட் பியர்சன் இதற்கு ஒரு சீரான முறையை வகுத்தார். ஆண்களின் கிளப்புகள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த காலம் அது.

உலகமெங்கும் ஒரே முறை வந்தது 2020இல்தான். கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் சேர்ந்து, அதுவரை புழங்கிய ஆறு முறைகளை ஒன்றாக்கின. இப்போது கணக்கு இப்படி நடக்கிறது. மைத்துனர் 95 அடித்த திடலின் மதிப்பீடு 71.2 என்றும், அதன் சரிவெண் 125 என்றும் வைத்துக்கொள்வோம். மதிப்பீடு என்பது தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எத்தனை அடியில் முடிப்பார் என்பது. சரிவெண் என்பது சாதாரண ஆட்டக்காரரை அத்திடல் அவரைவிட எவ்வளவு கூடுதலாகப் படுத்தும் என்பது. அது 55இலிருந்து 155 வரை போகும், நடுத்தரம் 113. 95இல் 71.2 போக 23.8. அதை 113ஆல் பெருக்கி 125ஆல் வகுத்தால் 21.5. கடைசி இருபது ஆட்டங்களுக்கு இப்படிக் கிடைத்த எண்களில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால், அதுதான் அவருடைய எண். புதிதாக ஆடுகிறவருக்கு 54 வரை போகலாம்.

இருபதில் எட்டு என்பதைக் கவனியுங்கள். இது மைத்துனரின் சராசரி ஆட்டத்தைச் சொல்லவில்லை. அவருடைய நல்ல நாளில் அவரால் என்ன முடியும் என்பதைச் சொல்கிறது. ஆற்றலை அளக்கும் ஓர் எண்ணுக்குக் 'குறைபாடு' என்று பெயர் வைத்தால் பொருள் தலைகீழாகிறது. இதனால் விளையும் குழப்பத்தையும் நேரில் பார்த்தேன். "சென்ற ஞாயிறு நன்றாகத்தான் ஆடினேன், ஆனாலும் குறைபாடு கூடிவிட்டது" என்று மனம் நொந்து சொன்னார். அவர் எழுதிவைத்திருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன் ஆடிய அருமையான ஆட்டம் ஒன்று இருபத்தோராவதாகிக் கணக்கிலிருந்து விழுந்திருந்தது, அவ்வளவுதான். அவருடைய ஆட்டத்தில் எந்தக் குறையும் கூடவில்லை. குறைபாடு என்ற சொல் அவருக்கு இல்லாத ஒரு குறையைக் காட்டியிருக்கிறது.

'குறைபாடு' ஆதரவாளர்கள் சொல்வது எனக்குத் தெரியும். எண் பெரிதானால் ஆட்டம் மட்டம், எனவே குறைபாடுதானே என்பார்கள். அப்படியானால் போலோவுக்கு வாருங்கள். அங்கும் இதே சொல்தான். ஆனால் அங்கே கணக்கு மைனஸ் 2இல் தொடங்கி 10 வரை ஏறும், 10தான் உச்சம். உலகின் தலைசிறந்த போலோ வீரருக்குத்தான் ஆகப் பெரிய குறைபாடு என்று எழுதுவீர்களா? குதிரைப் பந்தயத்திலும் அப்படியே. வலிமையான குதிரைக்குத்தான் அதிக எடை. கோல்ஃபிலேயே, தேர்ந்தவர்களையும் விஞ்சியவர்களுக்கு எண் பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போகிறது. அதை 'பிளஸ்' போட்டு எழுதுகிறார்கள். அவர்கள் அடிகளைப் பெறுவதில்லை, திடலுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 'குறைபாடு பிளஸ் 3' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

மூன்று விளையாட்டுகளிலும் எண் ஏறும் திசை வேறு, சுமப்பவர் வேறு. மாறாமல் இருப்பது ஒன்றே: ஏற்றத்தாழ்வு உள்ளவர்களைச் சமன் செய்து ஒரே களத்தில் நிறுத்துவது. அந்தச் செயலுக்குத்தான் பெயர் வேண்டும்.

'சலுகை' என்பது சற்று மதிக்கத்தக்க போட்டி. சலுகைப் புள்ளி, சலுகை அடி என்று சிலர் எழுதுகிறார்கள். ஊனத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. சலுகை என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். அவர் மனம் வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. மாணவருக்குப் பஸ் கட்டணச் சலுகை, நெசவாளருக்குக் கடன் சலுகை என்கிறோம். கோல்ஃபின் அடிகளை யாரும் மனமிரங்கித் தருவதில்லை. ஆடியவரின் சொந்தக் கணக்கிலிருந்து அவை பிறக்கின்றன. சலுகையோடு வென்றான் என்றால் வெற்றியில் ஒரு மாற்றுக் குறைந்துவிடுகிறது. இந்த முறையின் நோக்கமே அந்த மாற்றுக் குறையாமல் பார்த்துக்கொள்வது. 'புள்ளி' என்பதும் பொருந்தாது. கோல்ஃபில் எண்ணுவது அடிகளை. ஸ்டேபிள்ஃபோர்டு போன்ற சில ஆட்ட முறைகளில்தான் புள்ளி வரும்.

நம் தெருவிளையாட்டில் இதற்குச் சொல் உண்டே என்று நண்பர் ஒருவர் 'ஒப்புக்குச் சப்பாணி'யை நினைவூட்டினார். கண்ணாமூச்சியில் தம்பியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவன் அகப்பட்டாலும் ஆட்டமிழக்கமாட்டான், அவனைப் பிடித்ததும் கணக்கில் வராது. பாசமான ஏற்பாடுதான். ஆனால் ஒப்புக்குச் சப்பாணியின் ஆட்டம் எண்ணப்படுவதில்லை. ஹேண்டிகேப் வந்ததே தம்பியின் ஆட்டமும் எண்ணப்பட வேண்டும் என்பதற்காக. தவிர, சப்பாணி என்றால் கால் முடங்கியவர். மீண்டும் அந்தக் கூடத்துக்கே வந்து நிற்கிறோம்.

மிக நெருங்கி வரும் சொல் மளிகைக் கடையில் இருக்கிறது. எண்ணெய்க்குத் தூக்குப்பாத்திரம் கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் வெறும் பாத்திரத்தை ஒரு தட்டில் வைப்பார். மறுதட்டில் சிறு கல்லோ எடைத்துண்டோ போட்டு முள்ளை நேர்நிறுத்துவார். பிறகுதான் எண்ணெய் ஊற்றி நிறுப்பார். இதற்குத் தடை கட்டுதல் என்று பெயர். செயல் அச்சு அசலாக நாம் தேடுவது. ஆனால் மின்னணுத் தராசு வந்த பிறகு அந்தப் பொருள் மங்கிவிட்டது. இன்று தடை என்றால் தடுப்பது, விலக்குவது என்றுதான் காதில் விழும். 'தடை எண் 22' என்று எழுதினால் அவரை ஆடவிடாமல் தடுத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். மனமில்லாமல்தான் இதை விடுகிறேன்.

என் முடிவு 'ஈடு'. இடு என்பது நீண்டு ஈடு ஆனது, பெறு பேறு ஆனதுபோல, கெடு கேடு ஆனதுபோல. ஒன்றுக்கு நிகராக இடுவது ஈடு. ஈடுகொடுத்தல், ஈடுகட்டுதல், ஈடுசெய்தல், ஈடு இணை என்று நாள்தோறும் பேசுகிறோம். இழப்பீடு என்பதில் இழப்பை நிகர்செய்வதும் அதுதான். யாரையும் இறக்காத சொல், குதிரைக்கும் போலோவுக்கும் கோல்ஃபுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். அடகு என்ற பொருளும் இதற்கு உண்டே, இலங்கையில் நகையை ஈடுவைப்பார்களே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அதுவும் கடனுக்கு நிகராக ஒன்றை இடுவதுதானே? கூட்டுச்சொல்லாக்கினால் ஐயம் தீரும். காடு காட்டுவழி ஆவதுபோல ஈடு ஈட்டெண் ஆகும். ஆட்டக்காரரின் எண் ஈட்டெண். அதைக் கொண்டு ஒரு திடலில் அவர் பெறும் அடிகள் ஈட்டடிகள். எடை ஏற்றிய குதிரைக்கு ஈட்டெடை. 'ஈட்டு' என்றதும் பொருளீட்டுவது நினைவுக்கு வந்தாலும் கேடில்லை, அந்த எண்ணை ஆடி ஈட்டியவர் அவர்தானே.

எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேர்டி, போகி, பார் எல்லாம் விளையாட்டின் செல்லப்பெயர்கள், அப்படியே இருக்கட்டும். ஹேண்டிகேப் என்றே எழுதினாலும் குறை சொல்லமாட்டேன். தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல். என் கோபமெல்லாம் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் மீதுதான். நீளடிக்கான டிரைவர் மட்டையை 'ஓட்டுநர்' என்று எழுதியதைப் படித்திருக்கிறேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை வெறுமனே 'பச்சை' என்று எழுதியதையும் படித்திருக்கிறேன். அந்தப் புல்லில் ஒரு முறை நின்று பந்து எப்படி உருள்கிறது என்று பார்த்தவர் அப்படி எழுதமாட்டார். சொல்லைப் பெயர்ப்பவர் முதலில் பொருளைப் பார்க்க வேண்டும், குறைந்தது ஆடுகிறவர் ஒருவரைக் கேட்கவாவது வேண்டும். தமிழில் விளையாட்டை வாசிக்கும் பிள்ளைகள் இந்தச் சொற்களை நம்பித்தான் விளையாட்டைப் புரிந்துகொள்கிறார்கள்.

பிளஸ் எண் பெற்றவர்களுக்கு மட்டும் இன்னும் நல்ல சொல் வேண்டும். அவர்கள் திருப்பிக் கொடுக்கும் அடிகளைக் 'கொடையடி' என்று சொல்லிப் பார்த்தேன். மைத்துனருக்குப் பிடித்திருக்கிறது. செயலியை ஆங்கிலத்துக்கே மாற்றிவிட்டு, கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்திருக்கிறார். தேதி, திடல், அடி, ஈட்டெண் என்று நான்கு பத்தி. கடைசி வரியில் 21.9 இருக்கிறது. சென்ற ஞாயிறு அதைக் கூடத்திலேயே உட்கார்ந்து சித்தப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டினார்.