பொட்டலத்தில் இருந்த சின்ன வெள்ளை மாத்திரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மருமகள் தோளில் சாய்ந்தபடி வந்த அந்த அம்மாவுக்கு 58 வயது இருக்கும். மூன்று நாளாக வாந்தி. சோறு இறங்கவில்லை, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ரத்த அழுத்தம் 80/50. சர்க்கரை 58. மாரடைப்போ என்று ஈசிஜி எடுத்துப் பார்த்தோம், அதில் ஒன்றுமில்லை. லேசாகக் காய்ச்சல் இருந்தது, ஆனால் இப்படித் தள்ளாட அந்தக் காய்ச்சல் போதாது. கையும் காலும் குச்சியாக இருக்க, முகம் மட்டும் வட்டமாக உப்பியிருந்தது. முன்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, அங்கங்கே கருநீலத் திட்டுகள்.

“அத்தை என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கம்மா?”

“ஒண்ணுமில்ல டாக்டர். சுகர், பிரஷர் எதுவும் கிடையாது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “முட்டி வலிக்கு மட்டும் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு வருஷமா. அதையும் நிறுத்தி பத்து நாளாச்சு. மெடிக்கல்ல வேலை பாக்குற எங்க சொந்தக்காரத் தம்பி பாத்துட்டு, இது ஸ்டீராய்டு, கிட்னி போயிடும்னு சொன்னான். அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டோம்.”

நல்லவேளையாக ஒரு பொட்டலம் பையில் தங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, அதோடு மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு வெள்ளை. அட்டை கிடையாது, பெயர் கிடையாது. முகமும் தோலும் சொல்வதை வைத்து, அந்தக் கடைசிக் குட்டி மாத்திரை எதுவாக இருக்கும் என்று ஊகிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி. ஊசி, குளுக்கோஸ், வேகமாகச் சலைன். மாலையில் வார்டுக்குப் போனபோது எழுந்து உட்கார்ந்து, இந்த ஆஸ்பத்திரியில் காபி கிடைக்குமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பி மாத்திரையைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறான். சொன்னதில் இரண்டு தவறு. ஒன்று, ஸ்டீராய்டு கிட்னியைக் கெடுக்கும் என்றது. சிறுநீரில் புரதம் ஒழுகி உடம்பு வீங்கும் நெஃப்ரோட்டிக் குழந்தைகளுக்கு முதலில் கொடுப்பதே ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுதான். ஆண்டுக்கணக்கில் தின்றால் கிட்னியைப் பதம் பார்ப்பவை இந்த மாதிரிப் பொட்டலங்களில் ஸ்டீராய்டோடு சேர்ந்து வரும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். இரண்டாவது தவறுதான் உயிர்போகும் தவறு: ஒரே நாளில் நிறுத்தச் சொன்னது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் அட்ரீனல் சுரப்பியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. தினமும் கார்டிசோல் சுரக்கிறது. காய்ச்சல், அடி, அறுவை சிகிச்சை என்று உடம்புக்கு நெருக்கடி வரும்போது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விழாமல் தாங்குவது இதுதான். ‘சுர’ என்று உத்தரவு கொடுப்பது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி. நாம் மாத்திரையாக விழுங்கும் ஸ்டீராய்டு, கார்டிசோலின் வேலையைச் செய்யும் ரசாயனம். ஒருவருக்கு ஒரு நாள் சுரக்கும் கார்டிசோல், ஏறத்தாழ 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். அதற்கு மேல் வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால் பிட்யூட்டரி உத்தரவு கொடுப்பதை நிறுத்திவிடும், சுரப்பி வேலையில்லாமல் சுருங்கும். வீட்டுக்கு லாரித் தண்ணீர் தினமும் வந்தால் போர் மோட்டாரை யார் போடுகிறார்கள்? ஒரு வருடம் கழித்து, லாரி வராத அன்றைக்கு ஸ்விட்சைத் தட்டினால் மோட்டார் இறுகிப்போய்க் கிடக்கும். அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். பத்தாம் நாள் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது, அதைத் தாங்க உடம்பில் கார்டிசோல் இல்லை.

அதனால்தான் மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் யாராக இருந்தாலும், எதற்காகச் சாப்பிட்டிருந்தாலும், தானாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். 5 மி.கி.க்கு அருகில் வந்த பிறகு இன்னும் மெதுவாக, சில சமயம் மாதத்துக்கு 1 மி.கி. என்ற கணக்கில். சுரப்பி முழுதாக விழித்துக்கொள்ளச் சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். குறைக்கும்போது உடம்பு வலியும் அசதியும் வரும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து பழைய அளவுக்கே போய்விடுபவர்கள் உண்டு. அதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள். மறுபக்கம், ஆஸ்துமா முற்றியதற்காக ஐந்து நாளோ ஏழு நாளோ மட்டும் எழுதிக்கொடுத்தால், பெரும்பாலும் குறைக்கிற வேலையே இல்லை. சொன்ன நாள் வரை சாப்பிட்டு நிறுத்திவிடலாம். இரண்டாம் நாளே மூச்சு சரியாகிவிட்டது என்று பாதியில் விடுவதுதான் அங்கே தப்பு.

இந்த மருந்தின் மேல் இருக்கும் மயக்கம் புதிதல்ல. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் முதன்முதலாக கார்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. உப்பிய முகமும் உளுத்த எலும்பும் பின்னாலேயே தெரியவந்தன. மெடிக்கலில் போய் “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க” என்று நாம் கேட்கும்போது, அந்த முதல் சில நாட்களின் அற்புதத்தைத்தான் சில்லறைக்கு வாங்குகிறோம். சட்டப்படி இது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. நடைமுறை என்ன என்பது உங்களுக்கே தெரியும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், தோலில் கொப்புளமாக வெடிக்கும் பெம்பிகஸ், தொழுநோயில் வரும் ரியாக்ஷன், மூளைக்காய்ச்சலாக மாறிய காசநோய் என்று ஸ்டீராய்டு இல்லாவிட்டால் உயிரோ நரம்போ கண்ணோ போகக்கூடிய நோய்கள் நிறைய இருக்கின்றன. 2020இல் கோவிட் நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்த பிரிட்டன் ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கொடுத்த அளவு தினம் 6 மி.கி., அதிகபட்சம் பத்து நாள். அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது எந்தப் பலனும் தரவில்லை. அந்த இரண்டாவது செய்தி நம் காதில் விழவில்லை. 2021 மே மாதத்தில் சர்க்கரை எகிறிய நிலையில் கறுப்புப் பூஞ்சையோடு வந்தவர்களைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

எனவே டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்றால், சரியாகச் சாப்பிடுவது உங்கள் பங்கு. காலை டிபன் முடிந்ததும் சாப்பிடுங்கள். உடம்பின் சொந்தக் கார்டிசோல் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அதே நேரத்தில் மாத்திரையும் போனால் சுரப்பிக்குத் தொந்தரவு குறைவு. ராத்திரி போட்டால் தூக்கம் போகும். தூக்கம் போனால் கோபம் வரும். “இவர் இப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்ல” என்று மனைவி வந்து சொல்வார். அது மருந்தின் கோபம். சிலருக்கு அழுகையாகவும் வரும், சிலர் நள்ளிரவில் அலமாரியை அடுக்குவார்கள். சொன்னால் அளவையோ நேரத்தையோ மாற்றலாம்.

அட்டையில் மி.கி. பாருங்கள். ப்ரெட்னிசோலோன் 5, 10, 20, 40 என்று பல அளவில் வருகிறது, ஓம்னாகார்டில், வைசோலோன் என்று பல பெயரில். “5 இல்ல, 20 இருக்கு, நாலா ஒடச்சிக்கோங்க” என்று கடையில் கொடுத்து, வீட்டில் யாரும் உடைக்காமல் முழுசாக விழுங்கியதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். 0.5 மி.கி.தானே, குட்டி மாத்திரைதானே என்ற நினைப்பும் ஆபத்து. 0.75 மி.கி. டெக்ஸாமெத்தசோன் 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். அதோடு அது உடம்பில் ஒன்றரை நாளுக்கு மேல் வேலை செய்யும், சுரப்பிக்கு மூச்சுவிட நேரம் தராது. பொட்டலத்தில் இருக்கும் குட்டி வெள்ளை பெரும்பாலும் இதுவாகவோ, இதன் பங்காளியான பீட்டாமெத்தசோனாகவோதான் இருக்கும்.

சர்க்கரையில் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் ப்ரெட்னிசோலோன் சாப்பிடுபவருக்கு வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் ஏமாற்றும். ஒரு ஆசிரியருக்கு காலையில் 102, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 290. ‘சுகர் நார்மல்’ என்று மாதக்கணக்கில் நிம்மதியாக இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பசி தாங்க முடியாமல் வரும், இரவு பத்து மணிக்கு மிக்ஸர் டப்பா தானாகக் கைக்கு வரும்; வெள்ளரிக்காய், சுண்டல் என்று எதையாவது முன்கூட்டியே எடுத்து வையுங்கள். உப்பு அதிகம் என்பதால் ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்குக் கொஞ்ச நாள் லீவு.

எலும்பு இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது, அதுவும் முதல் ஆறு மாதத்தில்தான் வேகமாக. மூன்று மாதத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால் கால்சியம், வைட்டமின் டி பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும். சிலருக்கு எலும்பைக் காக்கத் தனி மருந்தும் தேவைப்படும். தொடை இடுக்கில் புதிதாக வலி, நடக்கும்போது விந்தல் என்றால் வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்க்காதீர்கள். இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம், அது எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாது. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை என்பது தொடைத் தசை மெலிவதன் அடையாளம். வருடம் ஒருமுறை கண் பரிசோதனை: புரை ஒன்று, கண் அழுத்தம் இன்னொன்று. இரண்டாவது வலிக்காது, அதனால்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

கிருமி விஷயம் தனி. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும். உள்ளே சீழ் வைத்திருக்கும், தெர்மாமீட்டர் 99 காட்டும். பழைய காசநோய் மறுபடி தலைதூக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினாலோ, வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிட்டாலோ ஸ்டீராய்டின் வேகம் குறைந்துவிடும் என்பதால் எல்லாச் சீட்டையும் எல்லா டாக்டரிடமும் காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், நமக்கு முன்பு வராமல் இருந்தால், அன்றே சொல்லுங்கள்.

பெயர் ஒட்டாத சூரணமும் லேகியமும் வேறு இருக்கின்றன. பதிவு பெற்ற சித்த மருத்துவர்களைச் சொல்லவில்லை. யாரோ கொடுத்த, பெயரே இல்லாத பவுடரைச் சாப்பிட்டு இரண்டே நாளில் பத்து வருட மூட்டு வலி பறந்து, பசி அள்ளி, கன்னம் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். அதையும் திடீரென்று தூக்கிப் போடாதீர்கள், கையோடு எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன்.

அந்த அம்மாவுக்கு வருவோம். வீட்டுக்கு அனுப்பும்போது காலையில் 5 மி.கி. ப்ரெட்னிசோலோன் எழுதினேன். மருமகளுக்குக் கோபம். “அந்த மாத்திரையாலதான் இவ்வளவும்ங்கிறீங்க, திருப்பி அதையே எழுதுறீங்களே!” நியாயமான கேள்வி. மோட்டார் ஓடத் தொடங்கும் வரை லாரி வந்தாக வேண்டும் என்று விளக்கினேன். பாதிதான் சமாதானமானார். ஒரு சீட்டில் மருந்தின் பெயர், அளவு, எப்போதிலிருந்து சாப்பிடுகிறார், ‘திடீரென நிறுத்தக் கூடாது’ என்று எழுதி, போன் கவரின் பின்னால் ஆதார் கார்டோடு வைக்கச் சொன்னேன். பல் பிடுங்கப் போனாலும், கண் ஆபரேஷன் என்றாலும் முதலில் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். காய்ச்சல் வந்தால் காய்ச்சல் விடும் வரை இரண்டு மாத்திரை. (இது 5 மி.கி.யில் இருந்த அவருக்கான கணக்கு. உங்கள் கணக்கை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் ஊசிக்கு வந்துவிட வேண்டும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை ஆறரைக்குப் போன். மருமகள் இல்லை, அவரே. “டாக்டரம்மா, ராத்திரி காய்ச்சல் 101. ரெண்டாப் போட்டுக்கிட்டேன். இந்த மழையில ஆஸ்பத்திரிக்கு வரணுமா?”

டெங்கு சீசன். வரத்தான் வேண்டும் என்றேன்.