அமேலியின் பாரிஸ் ஏன் தங்கமாக மின்னுகிறது?

2001-இல் வெளிவந்த பிரெஞ்சுப் படம் 'அமேலி'. கதை நடப்பது பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில். நிஜ பாரிஸோ துத்தநாகக் கூரைகளும் மேகமூட்டமுமாக, பல நாள் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் கிடக்கும் ஊர். படத்தில் அதே ஊர் தேன் ஊற்றியது போல ஜொலிக்கிறது. இயக்குநர் ழான் பியர் ழூனே தெருச் சுவர்களின் கிறுக்கல்களை அகற்றச் செய்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேவதைக் கதை உணர்வில் பெரும்பங்கு நிறத்தினுடையது.

பிரேசில் ஓவியர் ஹுவாரெஸ் மஷாடோவின் ஓவியங்களிலிருந்து சிவப்பு, பச்சை, பொன்மஞ்சள் மூன்றையும் ழூனே எடுத்துக்கொண்டார். சுவர், உடை, அறைச் சாமான் எல்லாமே இந்த வட்டத்துக்குள் அடக்கம். மீதி வேலை கணினியில்.

இப்படிக் கணினி வருவதற்கு முன் ஃபிலிம் லேபில் பிரிண்ட் போடும்போது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். அது முழு ஃபிரேமையும் பாதிக்கும். மஞ்சளைக் கூட்டினால் முகமும் சேர்ந்து மஞ்சளாகிவிடும். நம் சினிமாக்காரர்கள் டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்று சொல்லும் முறையில் நெகட்டிவை ஸ்கேன் செய்து ஒவ்வொரு புள்ளியையும் எண்ணாக மாற்றுகிறார்கள். அப்புறம் வானத்தை மட்டும், திரைச்சீலையை மட்டும் தனியாகத் தொடலாம். 'அமேலி' இந்த முறையில் ஆரம்பத்திலேயே முழுதாக இறங்கிய படங்களில் ஒன்று. ஒளிப்பதிவாளர் புரூனோ டெல்போனெலுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

எனக்கு அதிகம் பிடித்தது, அவர்கள் விட்டுவைத்த நீலம். ஃபிரேமின் ஓரத்தில் எங்கோ ஒரு சின்ன விளக்கு நீலமாக எரியும். கண் நேரே அங்கே போகும். காரணம் நம் விழித்திரையில் இருக்கிறது. மஞ்சள் ஒளியையே பார்த்துக்கொண்டிருந்தால் சிவப்பு, பச்சை ஒளியை உணரும் கூம்பு செல்கள் சற்று மந்தமாகின்றன. நீலத்துக்கான கூம்புகளோ ஓய்வாக, கூர்மையாக இருக்கின்றன. தவிர, மூளை ஒரு நிறத்தை அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டே கணிக்கிறது. சாம்பல் நிறக் காகிதத் துண்டு ஒன்றை நல்ல மஞ்சள் அட்டைமேல் வைத்து உற்றுப் பாருங்கள், லேசாக நீலம் தட்டும். அதே பாரிஸில், கோபலன் நெசவாலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் ஷெவ்ரல் இதை ஆராய்ந்து 1839-இல் ஒரு புத்தகமே எழுதினார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்திருந்தது. குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில்தான் என்று அவர் கண்டுபிடித்தார்.

லென்ஸும் உதவியது. அகலக் கோண லென்ஸோடு முகத்தை நெருங்கினால் மூக்கும் கண்ணும் பெரிதாகி, காதுகள் பின்வாங்கும். படப் புத்தகப் பாத்திரம் மாதிரி ஆகிவிடும்.

இன்று டி.ஐ. இல்லாத படமே அரிது. காதல் காட்சி என்றாலே ஃபிரேம் முழுக்க மஞ்சளை ஊற்றிவிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துளி நீலமாவது இல்லாவிட்டால், கண் சில நிமிடங்களில் அந்த மஞ்சளுக்குப் பழகி அதைச் சாதாரண வெளிச்சமாகவே எடுத்துக்கொள்கிறது.