75 மில்லிமீட்டருக்கு ஒரு கறை

பக்கத்தின் வலது ஓரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி. அதே நேர்க்கோட்டில் கொஞ்சம் கீழே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் லேசர் பிரிண்டர் ஒரு வாரமாக எல்லாத் தாளையும் இப்படித்தான் கறையோடு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தாளை மாற்றினோம். கணினியை அணைத்துப் போட்டோம். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினோம். பழுதுபார்க்க வந்தவர் பிரிண்டரைத் திறக்கக்கூட இல்லை. மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்து இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வைத்தார். 75 மில்லிமீட்டர். "டிரம்ல கீறல் விழுந்திருக்கு சார்" என்றார்.

அவர் போட்ட கணக்கு எளியது. டிரம் என்பது எழுத்தின் உருவம் முதலில் உருவாகி, பிறகு தாளுக்கு மாறும் உருளை. எங்கள் பிரிண்டரில் இருந்த டிரம்மின் விட்டம் 24 மில்லிமீட்டர். அது ஒரு முறை சுற்றி முடிக்கும்போது தாள் சுமார் 75 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். டிரம்மின் மேல் ஒரே ஒரு கீறல் இருந்தால் போதும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி விழும். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர் என்பதால் பக்கத்துக்கு மூன்று, நான்கு புள்ளிகள். டிரம் 30 மில்லிமீட்டர் விட்டம் கொண்டதாக இருந்தால் இடைவெளி 94 ஆகும். உள்ளே இருக்கும் உருளைகள் வெவ்வேறு பருமன் கொண்டவை. ஆகவே கறைகளுக்கு நடுவே உள்ள தூரம் எந்த உருளையில் கோளாறு என்று காட்டிக்கொடுத்துவிடும். பல பிரிண்டர்களின் பராமரிப்புக் கையேட்டில் இந்த அளவுகள் அட்டவணையாகவே இருக்கின்றன.

அன்றிலிருந்து எந்த பிரிண்டர் தகராறு செய்தாலும் முதலில் அது கடைசியாக அச்சடித்த தாளைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும், கோளாறு எந்தக் கட்டத்தில் என்பதைத் தாளிலேயே படித்துவிடலாம்.

லேசர் பிரிண்டருக்குள் நடப்பதன் அடிப்படையை செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில் செய்து காட்டினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டில் கைக்குட்டையால் தேய்த்து நிலைமின்னூட்டம் ஏற்றினார். அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கொளியைக் காட்டினார். ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிட்டது, எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் தங்கிவிட்டது. மேலே தூவிய நுண்பொடி அந்த எழுத்துகளில் மட்டும் ஒட்டியது. மெழுகுத் தாளை அழுத்தி எடுத்துச் சூடாக்கினார். உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி அதுதான்.

இன்றைய லேசர் பிரிண்டரும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது. ஓர் உருளை டிரம்மின் மேல் சீராக எதிர்மின்னூட்டம் ஏற்றுகிறது, சுமார் 600 வோல்ட். லேசர் ஒளி, சுழலும் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எழுத்து வரவேண்டிய இடங்களில் அந்த மின்னூட்டத்தை வடித்துவிடுகிறது. டோனர் எனும் அச்சுப்பொடியின் துகள்களிலும் எதிர்மின்னூட்டம்தான் இருக்கிறது. அதனால் மின்னூட்டம் நிறைந்த பரப்பு அவற்றைத் தள்ளிவிடுகிறது. லேசர் தொட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. தாளுக்குப் பின்னால் இருக்கும் இன்னோர் உருளை நேர்மின்னூட்டத்தால் டோனரைத் தாளுக்கு இழுக்கிறது. கடைசியாக, ஃபியூசர் என்ற சூடான பகுதி சுமார் 200 டிகிரி செல்சியஸில் அதைத் தாளோடு உருக்கி ஒட்டுகிறது. டிரம்மில் மிஞ்சிய துகள்களை ஒரு பிளேடு வழித்தெடுக்க, அடுத்த சுற்று தொடங்குகிறது.

இப்போது தாளுக்கு வருவோம். எழுத்து அழகாக விழுந்திருக்கிறது, ஆனால் விரலால் தேய்த்தால் பொடியாக வந்துவிடுகிறது. மற்றக் கட்டங்கள் சரியாக நடந்திருக்கின்றன, சூடு மட்டும் போதவில்லை. டோனர் என்பது மையே கிடையாது. 5 முதல் 10 மைக்ரான் அளவுள்ள பிளாஸ்டிக் துகள்களில் நிறமி கலந்தது. அது உருகாவிட்டால் ஒட்டாது. தடிமனான அட்டையில் அச்சடிக்கும்போது அட்டையே சூட்டை உறிஞ்சிவிடும். அமைப்புகளில் தாள் வகையைச் 'சாதாரணம்' என்பதிலிருந்து 'தடிமன்' என்று மாற்றினால் பிரிண்டர் வேகத்தைக் குறைத்து அல்லது சூட்டைக் கூட்டிக்கொள்ளும். சாதாரணத் தாளிலும் உதிர்ந்தால் ஃபியூசரைச் சந்தேகிக்கலாம்.

பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்தால்? டோனர் அதிகமாகக் கொட்டிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: முதல் கட்டத்தில் டிரம்முக்கு மின்னூட்டமே ஏறவில்லை. மின்னூட்டம் இல்லாத பரப்பு பிரிண்டருக்கு 'இங்கே எழுது' என்ற கட்டளை, அதனால் பக்கம் முழுவதும் எழுதப்பட்டுவிடுகிறது. மாறாக வெள்ளைத் தாளே வந்தால், லேசர் டிரம்மை எட்டவில்லை, டோனர் வெளியே வரவில்லை, அல்லது தாளுக்கு இறங்கவில்லை. டோனர் அடைத்த புது கார்ட்ரிட்ஜ் போட்ட கையோடு இப்படி நடந்தால் அதன் ஓரத்தில் இருக்கும் சீல் பட்டையை உருவ மறந்திருக்கிறோமா என்று பாருங்கள். நீளவாக்கில் வெள்ளைக் கோடு விழுந்தால் லேசர் வரும் பாதையில் தூசு, அல்லது கார்ட்ரிட்ஜில் அந்த இடத்தில் டோனர் குறைந்துவிட்டது. கார்ட்ரிட்ஜைக் கழற்றி, இரு பக்கமும் மெதுவாக ஆட்டிவிட்டுப் போட்டால் இரண்டாவது காரணம் தற்காலிகமாகச் சரியாகும். நீளவாக்கில் கறுப்புக் கோடு என்றால் டிரம்மைச் சுற்றிக் கீறல் விழுந்திருக்கும், அல்லது வழித்தெடுக்கும் பிளேடு தேய்ந்திருக்கும்.

எந்தக் கட்டம் என்று குழம்பினால் பழுதுபார்ப்பவர்கள் செய்யும் ஒரு சோதனை உண்டு. தாள் பாதி வழியில் இருக்கும்போது மூடியைத் திறந்து அச்சை நிறுத்திவிட்டு டிரம்மைப் பார்ப்பார்கள். டிரம்மில் எழுத்து தெளிவாக இருந்தால் லேசரும் டோனரும் சரி, குறை அதற்குப் பிறகுதான். டிரம்மிலேயே எழுத்து இல்லை என்றால் அதற்கு முன்னால். ஒரே பார்வையில் பாதி இயந்திரத்தைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடலாம். இதைச் செய்யும்போது டிரம்மின் பரப்பை விரலால் தொடக்கூடாது. ஒளியால் மாறுவதுதான் அதன் குணமே என்பதால் வெளிச்சத்தில் அதிக நேரம் வைக்கவும் கூடாது. ஃபியூசர் கையைச் சுட்டுவிடும், அதன் அருகே போகாதீர்கள். டோனர் துணியில் கொட்டிவிட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கித் துணியிலேயே பிடிக்க வைத்துவிடும்.

மைத்துளிகளைத் தாளில் தெறித்து அச்சடிக்கும் இங்க்ஜெட்டின் கதை முற்றிலும் வேறு. அதற்கு ஜன்ம எதிரி மை உலர்வது. மையைத் தெறிக்கும் பகுதியான ஹெட்டில் நூற்றுக்கணக்கான நாசில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனைவிடச் சிறிய துளை. 1977இல் கேனன் ஆய்வகத்தில் சூடான சால்டரிங் அயர்ன் ஒன்று மை நிரம்பிய ஊசியில் தற்செயலாகப் பட, ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. அதைப் பார்த்த பொறியாளரின் யோசனையிலிருந்து வளர்ந்ததுதான் வெப்ப வகை இங்க்ஜெட். துளைக்குப் பின்னால் உள்ள நுண்ணிய ஹீட்டர் சில மைக்ரோ விநாடிகளில் 300 டிகிரிக்கு மேல் சூடாகி, மையில் ஓர் ஆவிக்குமிழியை உண்டாக்குகிறது. குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. எப்சன் பிரிண்டர்களில் சூட்டுக்குப் பதிலாக, மின்சாரம் பட்டதும் வளையும் பீசோ படிகம் அந்த வேலையைச் செய்கிறது. எப்படியானாலும் துளியின் அளவு சில பிகோலிட்டர்தான். ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய துளையின் வாயில் நிற்கும் மையிலிருந்து நீர் ஆவியானால் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இதற்காகவே வேலை முடிந்ததும் ஹெட் ஓர் ஓரமாகப் போய் ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். பிரிண்டரில் உள்ள பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் முறையாக மூடிக்குத் திரும்பும். சுவர் ஸ்விட்சை நடுவழியில் பட்டென்று அணைத்தால், இருந்த இடத்திலேயே வாய் திறந்தபடி நின்றுவிடக்கூடும். எனக்குத் தெரிந்து அடைப்புப் பிரச்சினையைக் குறைக்க இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. இன்னொன்று, வாரம் ஒருமுறையாவது எல்லா நிறமும் வரும்படி ஒரு பக்கம் அச்சடிப்பது.

அடைத்துவிட்டது என்றே வையுங்கள். உடனே ஹெட் கிளீனிங் பட்டனை ஆறு, ஏழு முறை அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிரிண்டர் மையை உறிஞ்சி வெளியே எடுத்து, அடியில் இருக்கும் கழிவு மை பஞ்சில் கொட்டுகிறது. கார்ட்ரிட்ஜும் காலியாகும், பஞ்சும் நிரம்பும். பஞ்சு நிரம்பிவிட்டதாகக் கணக்கு காட்டினால் பிரிண்டர் அச்சடிக்கவே மறுத்துவிடும். முதலில் நாசில் செக் பக்கத்தை எடுங்கள். படிக்கட்டுபோல் வரும் கோடுகளில் எங்கே விடுபடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சுத்தம் செய்து மறுபடி எடுங்கள். விடுபட்ட இடங்கள் குறைந்திருந்தால் அடைப்பு இளகுகிறது, இன்னொரு முறை செய்யலாம். அதே இடங்கள் அப்படியே இருந்தால் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, விட்டுவிடுங்கள். புது மை உலர்ந்த மையை ஊறவைத்துக் கரைக்க நேரம் வேண்டும். விடுபட்ட இடங்கள் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்தால் மை வரும் வழியில் காற்று புகுந்திருக்கலாம். அதற்கும் சும்மா விட்டுவைப்பதுதான் நல்லது. கோடுகள் எதுவும் விடுபடாமல், எழுத்து மட்டும் இரட்டையாகத் தெரிந்தால் அது அடைப்பே இல்லை. ஹெட்டை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் வேலை.

சரி, இரண்டு வகைக்கும் பொதுவான பேப்பர் ஜாம். ஒரு கட்டிலிருந்து ஒரே ஒரு தாளை மட்டும் உருவுவது கடினமான காரியம், கையால் செய்து பார்த்தாலே தெரியும். பல பிரிண்டர்கள் இதை மூன்று உராய்வுகளை வைத்துச் சமாளிக்கின்றன. ரப்பர் ரோலருக்கும் தாளுக்கும் நடுவே உராய்வு மிக அதிகம். எதிரே உள்ள பிரிக்கும் பட்டைக்கும் தாளுக்கும் நடுவே அதைவிடக் குறைவு. தாளுக்கும் தாளுக்கும் நடுவே எல்லாவற்றிலும் குறைவு. ரோலர் மேலே உள்ள தாளை இழுக்கும்போது பட்டை அடுத்த தாளைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த வரிசை கலைந்தால் கோளாறு. ரோலரில் தாள் தூசு படிந்து வழவழப்பானால் தாள் உள்ளே போகாது. பட்டை தேய்ந்தால் இரண்டு, மூன்று தாள்கள் சேர்ந்து போகும். முதல் கோளாறுக்கு, பிரிண்டரை அணைத்துவிட்டு, தண்ணீர் தொட்டுப் பிழிந்த, நூல் உதிராத துணியால் ரோலரைச் சுற்றிலும் துடைத்தாலே பல நேரம் தீர்ந்துவிடும். இரண்டாவதற்குப் பட்டையை மாற்ற வேண்டும்.

தாளின் ஈரத்தையும் யாரும் கவனிப்பதில்லை. தாளில் எடைக்கு சுமார் 5 சதவீதம் நீர் இருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சிக்கொண்டு தொய்ந்துவிடும், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். மிகவும் காய்ந்தாலோ நிலைமின்சாரத்தால் ஒட்டும். பிரித்த கட்டை உறையோடு சுற்றி வைப்பதும், டிரேயில் வைக்கும் முன் விசிறிபோல் விரித்துவிடுவதும் இதற்காகத்தான். இருபக்க அச்சில் இரண்டாவது பக்கம் அடிக்கடி சிக்குவதற்கும் இதுவே காரணம்: ஒருமுறை ஃபியூசருக்குள் போய் ஈரத்தை இழந்த தாள் சுருண்டுகொண்டுதான் திரும்பி வருகிறது. சிக்கிய தாளை, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். கிழிந்துவிட்டால் துண்டுகளை ஒட்டிப் பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளே சென்சாரின் மேல் கிடந்து, இல்லாத ஜாமை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

நகலும் எடுக்கும் பிரிண்டரில், மேலே உள்ள ஃபீடரில் தாளைப் போட்டு நகல் எடுத்தால் மட்டும் கறுப்புக் கோடு, கண்ணாடிமேல் வைத்து எடுத்தால் இல்லை என்றால் அச்சுப் பகுதியைத் தொடவே வேண்டாம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். தாள் அதன்மேல் நகரும், படிக்கும் கண் அசையாமல் நிற்கும். அங்கே ஒட்டிய ஒரு துளித் தூசு முழுப் பக்கத்துக்கும் கோடு இழுத்துவிடும். துடைத்தால் போயிற்று.

பிரிண்டரிலிருந்து எதுவுமே வரவில்லை என்றால், கணினியின் தயவில்லாமல், பிரிண்டரின் மெனுவிலிருந்தே ஒரு சோதனைப் பக்கம் எடுத்துப் பாருங்கள். அது வந்துவிட்டால் இயந்திரம் நன்றாக இருக்கிறது, சிக்கல் கணினியிலோ வழியிலோதான். கணினியில் என்றால் பெரும்பாலும் ஸ்பூலர். நீங்கள் அனுப்பும் கோப்புகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும் மென்பொருள் அது. முதலில் நிற்கும் கோப்பு கெட்டிருந்தால் பின்னால் உள்ள அத்தனையும் நின்றுவிடும். அப்போது இன்னும் பத்து முறை 'பிரிண்ட்' கொடுப்பது வரிசையைத்தான் நீட்டும். வரிசையைக் காலி செய்துவிட்டு ஸ்பூலரை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். வழியில் என்றால், 'ஆஃப்லைன்' என்று காட்டுவதற்கு அடிக்கடி காணும் காரணம் முகவரி மாறியது. ரூட்டர் தன்னோடு இணையும் கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தற்காலிகமாகத்தான் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்த பிறகு பிரிண்டருக்கு வேறு எண் கிடைத்திருக்கும், கணினியோ பழைய எண்ணிலேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். பிரிண்டர் அச்சடிக்கும் நெட்வொர்க் பக்கத்தில் புது எண் இருக்கும். அதைக் கணினியில் திருத்துங்கள். ரூட்டரின் அமைப்புகளில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கே நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் அடுத்த மின்தடைக்குப் பிறகும் அது அதே முகவரியில் இருக்கும்.