பனி இறங்கினால் மறந்துபோகும் கார்

மார்கழி மாதத்தில் என் கார் காலை பத்து மணிக்கு முன்பு கிளம்பாது. செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி, கண்ணாடியில் படிந்த பனி காய்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் முதல் திருப்பிலேயே ஓடும். ஓடத் தொடங்கிவிட்டால் ராமேசுவரம் போய்த் திரும்பும்வரை ஒரு முணுமுணுப்புகூட இருக்காது. இருபது வயதைத் தாண்டிய சிறிய பெட்ரோல் கார் அது. மண்டபத்தில், வடக்கே பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே, கூரை மட்டும் உள்ள கொட்டகையில் நிற்கிறது.

முதலில் பார்த்த பட்டறையில் "இசியு போய்விட்டது, முழு போர்டையும் மாற்ற வேண்டும்" என்றார்கள். இசியு என்பது இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி; போர்டு, அதற்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை. சொன்ன தொகை, காரை விற்றால் கிடைப்பதில் பாதி. கீழக்கரையில் கார் போர்டுகளை மட்டும் பழுது பார்க்கும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெயில் வந்தால் ஓடுகிறதா?"

"ஓடுகிறது, காக்கா."

"அப்படியென்றால் போர்டு சாகவில்லை தம்பி. ஈரத்தில் எதையோ மறக்கிறது."

எதை மறக்கிறது என்று தெரிந்துகொள்ள, அந்தப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, கார்களில் கார்புரேட்டர் இருந்த இடத்துக்கு இன்ஜெக்டரும் கணினியும் வந்தன. கார்புரேட்டர், காற்று உறிஞ்சும் வேகத்திலேயே பெட்ரோலை இழுத்துக் கலந்துவிடும். கணினிக்கு அந்த இயல்பறிவு கிடையாது. இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் சென்சார்களிடம் கேட்டுத்தான் அது முடிவெடுக்கும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடிதான் அவகாசம். அதற்குள் இன்ஜெக்டரை எத்தனை மில்லிவினாடி திறப்பது, பொறியை எந்தக் கணத்தில் தட்டுவது என்று தீர்மானித்தாக வேண்டும்.

இதையெல்லாம் முதலிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் பழைய கணினிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அது நாம் பள்ளியில் செய்ததையே செய்கிறது. பன்னிரண்டை ஏழால் யாரும் பெருக்குவதில்லை; வாய்ப்பாட்டிலிருந்து எண்பத்து நான்கை எடுக்கிறோம். இசியுவுக்குள் அப்படி எண்கள் நிறைந்த கட்டங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் சுற்று வேகம், மறுபக்கம் காற்றழுத்தம்; இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எரிபொருளுக்கான எண். அளவு இரண்டு கட்டங்களுக்கு இடையில் விழுந்தால் சுற்றியுள்ள எண்களை விகிதம் பிரித்துக்கொள்ளும். "சிப் மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்பவர்கள் திருத்துவது இந்த வாய்ப்பாட்டைத்தான். இருபது வயது இன்ஜினின் வாய்ப்பாட்டைத் திருத்த நினைப்பவருக்குப் பெட்ரோல் மீது கோபம் இருக்க வேண்டும்.

வாய்ப்பாட்டை மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைத்திருப்பதுதான் சிப்பின் வேலை. இதை விளக்க ராமநாதபுரத்துக்காரனுக்கு ஊரணியைவிட நல்ல உவமை கிடைக்காது. மடையே வைக்காமல் நான்கு புறமும் கரை எழுப்பிய ஊரணி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். வெள்ளம் கரையைத் தாண்டினால் ஒழிய உள்ளே நீர் வராது. வந்த நீர் வெளியே போக வழியில்லை. சிப்புக்குள் ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வோர் இலக்கத்துக்கும், இப்படி ஒரு நுண்ணிய ஊரணி உண்டு. கரை, சிலிக்கான் ஆக்சைடு படலம். நீர், எலெக்ட்ரான். எழுதும்போது சாதாரண 5 வோல்ட்டைவிட உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களைக் கரை தாண்ட வைக்கிறார்கள். நிரம்பியது 0, காலியானது 1. 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ராம் சிப் இந்த வழியில்தான் வேலை செய்தது.

அதை அழிக்கும் விதம் இன்னும் அழகு. ஊரணியை வெயில் வற்றச் செய்வதுபோல, சிப்பின் முதுகிலுள்ள சிறு கண்ணாடிச் சன்னல் வழியே புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் எலெக்ட்ரான்கள் கரையேறி ஓடிவிடும். அதற்கான விளக்கில் இருபது நிமிடம் போதும். நேரடி வெயிலில் ஒரு வாரம் அளவுக்கு ஆகும். 1980களின் இசியு சிப்புகளில் அந்தச் சன்னல்மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பிய்க்கக் கூடாது என்பது இதனால்தான். நம்மூர் வெயில் அதன் நினைவைத் துடைத்துவிடும்.

அந்தக் காலத்துக் கார்களில் சிப் மாற்றுவது எளிது: 28 கால் கொண்ட ஈப்ராம் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், நெம்பி எடுத்துப் புதியதைச் செருகலாம். என் காரின் தலைமுறையில் சாக்கெட் போய்விட்டது. வாய்ப்பாடு ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போனது. அதைப் பல கார்களில் பட்டறை ஸ்கேனரைச் செருகும் கப்ளர் வழியாகவே திருத்தி எழுதலாம். அதன் பக்கத்தில் எட்டே கால்களோடு, அரிசி மூட்டையில் விழுந்தால் கண்டுபிடிக்க முடியாத அளவில் இன்னொரு சிப் உட்கார்ந்துகொண்டது. ஈஈப்ராம் என்று பெயர். இதை அழிக்கக் கதிர் வேண்டாம், மின்சாரமே போதும். கொள்ளளவு 256 பைட், 512 பைட் என்ற அளவில்தான்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். என் காரின் சாவி எண் அதில்தான் இருந்தது.

சாவியின் கறுப்புத் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு துண்டு இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் காந்தப்புலத்தை எழுப்ப, அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு சாவி தன் எண்ணைச் சொல்லும். ஈஈப்ராமில் உள்ள எண்ணோடு அது பொருந்தாவிட்டால் கணினி இன்ஜெக்டரைத் திறக்க மறுக்கும், விளக்கு சிமிட்டும். இந்தச் சரிபார்ப்பு சாவியைத் திருப்பும்போது மட்டும்தான். ஓடத் தொடங்கிய என் கார் வழியில் நிற்காத காரணம் அப்போதுதான் பிடிபட்டது. பழைய உதிரிபாகக் கடையில் அதே பாக எண்ணுள்ள இசியுவை வாங்கி மாட்டுபவர்கள் தவிப்பதும் இதனால்தான்: அந்த போர்டு வேறொருவர் சாவிக்காகக் காத்திருக்கும்.

சரி, காலையில் மட்டும் ஏன்? உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். ஆடியில் கச்சான் காற்றும் மார்கழியில் வாடையும் மாறி மாறிக் கடலைத் தூவும் ஊரில், இருபது ஆண்டில் எந்தப் பெட்டிக்குள்ளும் உப்பு புகும். இரவில் அது உப்புநீர்ப் படலமாகி, மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கால்களுக்கு நடுவே மின்சாரத்துக்குப் பாலம் போடும். சிப் சொல்லும் 0, 1 குழம்பும். வெயில் ஏறி ஈரப்பதம் இறங்கினால் படலம் காய்ந்து பாலம் அறுந்துவிடும். அதற்குள் உலோகத்தின் கொஞ்சம் கரைந்து போயிருக்கும்.

காக்கா இசியுவைத் திறந்து உருப்பெருக்கியை நீட்டினார். எட்டுக் கால் சிப்பின் ஒரு பக்கம் பழைய செப்புக் குடத்தில் பார்க்கும் அதே பச்சைக் களிம்பு. மூன்றாவது கால் மயிரிழை அளவுக்குத் தேய்ந்திருந்தது. அவர் தொட்டதும் உதிர்ந்தது.

அதன் பிறகு நடந்தது பொறுமை கேட்கும் வேலை. முதலில் கழுவல். பட்டறைகளில் வழக்கமாக ஆல்கஹாலைப் பீய்ச்சுவார்கள். அழுக்கு போகும், உப்பு போகாது, ஏனென்றால் அந்த ஆல்கஹாலில் சோற்றுப்பு கரைவதே அரிது. காக்கா பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் மென்மையான பிரஷையும் எடுத்தார். ஆல்கஹால் அதற்குப் பிறகு, தண்ணீரைத் துரத்த. பின்னர் சூடான காற்றால் ஈயத்தை உருக்கிச் சிப்பைக் கழற்றினார். உதிர்ந்த காலின் அடியில் பிளாஸ்டிக்கைச் சுரண்டி, மிச்சமிருந்த உலோகப் புள்ளியில் தலைமுடி போன்ற கம்பியைப் பற்றவைத்து, ரீடரில் செருகினார். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டார். ஒரு பைட்கூட மாறவில்லை. உப்பு காலைத்தான் தின்றிருந்தது. உள்ளே ஊரணிகள் அப்படியே நிரம்பியிருந்தன.

அதே வகை வெற்று சிப் ஒன்று, ஒரு தேநீரும் இரண்டு வடையும் சாப்பிடும் செலவில் வந்தது. 256 பைட்டையும் அதில் எழுதி, மீண்டும் படித்துச் சரிபார்த்து, போர்டில் பற்றவைத்தார். சென்சார் வயர்கள் இசியுவோடு சேரும் கப்ளரின் ஊசிகளையும் சுத்தம் செய்தார். பலர் அலட்சியப்படுத்தும் இடம் அது. வெப்ப சென்சாரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். ஒரு பொதுவான வகையில் 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம். கப்ளர் களிம்பு இன்னொரு 300 ஓம் சேர்த்தால் கணினி 60 டிகிரி என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். சிப்பைக் குறை சொல்லி போர்டை மாற்றினாலும் கரும்புகை நிற்காது.

கடைசியாக ஒளி ஊடுருவும் பூச்சு ஒன்றை போர்டின்மேல் அடித்தார். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கும் உப்புக்காற்றைத் தாங்கவென்றே பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. "கழுவாமல் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரை மணி. கண்ணாடியில் கை வைத்தால் நீர் வழியும் அளவுக்குப் பனி. சாவியைத் திருப்பினேன், விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது, இன்ஜின் பிடித்தது. ஏழு கால் சிப் ஒரு தீப்பெட்டிக்குள் என் மேசையில் இருக்கிறது. குப்பையில் போட மனம் வரவில்லை. என் சாவியின் எண் இன்னும் அதற்கு நினைவிருக்கிறது.